பேண்டு மாஸ்டரின் நெஞ்சுப் பெட்டி

1982-ஆம் வருஷம் ஆடி மாதம் பாலக்கரை அற்புதசாமி முதல் தடவையாக மயங்கி விழுந்தபோது, அவருக்கு முன்னாலேயே அங்கே ஒருவர் படுத்திருந்தார். அது ஒரு சாவு வீடு. சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் அற்புதசாமி டிரம்பெட்டை உயர்த்தி மேல் ஸ்தாயியில் ஓர் இழுப்பு இழுத்தார். அப்படியே மடிந்து பெட்டிக்குப் பக்கத்தில் சரிந்தார். துக்க வீட்டார் எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார்கள். ஓர் அம்மாள் கையில் வைத்திருந்த சாமந்திப் பூவை இரண்டு பேர் மேலும் பாரபட்சமில்லாமல் தூவினாள். கண் விழித்த அற்புதசாமி மூக்கின் மேல் கிடந்த இதழைத் தட்டிவிட்டு, "எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பகலில் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் குமாஸ்தா வேலை. மற்ற நேரத்தில் ஒன்பது பேர் கொண்ட ஒரு பேண்டு செட்டுக்கு மாஸ்டர். கல்யாணம், புதுநன்மை, தேர்பவனி, தேர்தல் வெற்றி, சாவு எல்லாவற்றுக்கும் அதே ஒன்பது பேர், அதே சிவப்புக் கோட்டு, முக்கால்வாசி அதே பாட்டுகள். கல்யாணத்தில் வேகமாக வாசிப்பதைச் சாவில் மெதுவாக வாசிப்பார்கள். அதையும் ஒன்றிரண்டு தடவை மாற்றி வாசித்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

மனைவி அக்னஸ் மேலப்புதூரில் ஒரு கான்வென்ட் ஸ்கூலில் கணக்கு டீச்சர். எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அன்றைக்குப் பெட்டியில் கிடந்தவரின் ஆவி என்றார்கள். லாரி ஆபீஸ் முதலாளி வாயு என்றார். பெரிய டிரம் அடிக்கும் பிச்சமுத்துவோ 1976-இல் மாஸ்டர் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் போய் நின்றான்.

"நரம்புல கை வச்சா எங்கயாவது போய் இழுக்கத்தான் செய்யும், மாஸ்டர்."

"அதுக்குக் கவர்மென்ட் குடுத்த வாளி இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்னஸ். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், பின்னால் யாரோ செருப்புச் சத்தத்தோடு வருகிறார்கள் என்று அற்புதசாமி கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் பெஞ்சுக்கும் முழந்தாள் பலகைக்கும் நடுவில் இறங்கிவிட்டார். பக்கத்து வரிசையில் ஜெபக் கூட்டத்துக்காரர் ஒருவர், ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று கையைத் தூக்கிப் பாட ஆரம்பித்தார். "இறங்கினது இவருங்க, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி அக்னஸ் தண்ணீர் தெளித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று அது வழக்கமாகிவிட்டது. நாலு இடத்தில் ஈசிஜி எடுத்தார்கள். நாலிலும் மலைக்கோட்டைப் படிபோல ஒழுங்கான கோடுகள். நாலு டாக்டர்களும் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சடகோபனிடம் அக்னஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அது 1984 ஜூன் மாதம்.

சடகோபன் ஆறு வருஷம் சீமையில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். நெற்றியில் திருமண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். நாலு ஈசிஜியையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார்.

"இது இன்ஸ்பெக்ஷன் மாதிரி. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு எந்த ஸ்கூலும் நன்னாத்தான் நடக்கும். டீச்சர், நீங்களே சொல்லுங்கோ."

"அன்னிக்கு மட்டும்தான் கரும்பலகை கறுப்பா இருக்கும்" என்றாள் அக்னஸ்.

"அதான். ஈசிஜி எடுக்கற அரை நிமிஷம் இவரோட இருதயம் சமத்தா கையைக் கட்டிண்டு நிக்கறது. மத்த நேரத்துல என்ன கூத்தடிக்கறதுன்னு பாக்கணும். ஒரு நாள் முழுக்க."

அதற்கு அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு மனிதன் எழுந்து போகும்போது, கூடவே போய் அவன் இருதயத் துடிப்பைப் பதிவு செய்கிற பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு, தோல் உறை, இடுப்பில் கட்ட ஒரு வார். உள்ளே ஒரு கேசட் இருபத்துநான்கு மணி நேரமும் மெதுவாக ஓடும். அதிலிருந்து ஐந்து வயர்கள் புறப்பட்டு நெஞ்சில் ஒட்டுகிற ஐந்து வில்லைகளுக்குப் போகும். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பெட்டியின் பொறுப்பு டெக்னீஷியன் சாரா பீவியிடம். அவள் ஒரு ரேசரைக் கொடுத்து, நெஞ்சு முடியை வழித்துவிட்டு வரச் சொன்னாள். வழித்துவிட்டு வந்தார். வில்லை ஒட்ட வேண்டிய இடத்தில் சங்கிலியில் அந்தோணியார் தொங்கிக்கொண்டிருந்தார்.

"இவரைக் கொஞ்சம் முதுகுப் பக்கம் அனுப்புறீங்களா?" என்றாள் சாரா பீவி. அன்றைக்கு முழுக்கப் புனிதர் முதுகில்தான் இருந்தார்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தாள். "எத்தனை மணிக்கு என்ன செஞ்சீங்கன்னு இதுல எழுதணும். சாப்பிட்டது, நடந்தது, சண்டை போட்டது எல்லாம். தலை சுத்தினா பெட்டியில இருக்கிற இந்தப் பொத்தானை அமுக்குங்க. குளிக்கக் கூடாது. நாளைக்குப் பத்து மணிக்கு நான்தான் கழட்டுவேன், நீங்க கழட்டக் கூடாது."

"எல்லாத்தையும் எழுதணுமா?"

"எல்லாத்தையும்தான். நாங்க படிச்சிட்டு மறந்துடுவோம்."

"வீட்டுல முடங்கிக் கிடக்கப்படாது. வழக்கமா என்ன செய்வேளோ அதையெல்லாம் செய்யணும்" என்று டாக்டர் உள்ளேயிருந்து சொன்னார்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அக்னஸ் அந்த உத்தரவைத் திருத்திவிட்டாள். "டாக்டர் சொல்வார். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுத்திருங்க. டிரம்பெட் பக்கம் போகக் கூடாது." அற்புதசாமி சரி என்றார். இருபத்துமூன்று வருஷமாக அவர் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் குடும்பம் நடத்தினார். அக்னஸ் அரை நாள் லீவு முடிந்து ஸ்கூலுக்குப் போனாள்.

இரண்டு மணிக்குப் பிச்சமுத்து வந்தான்.

"மாஸ்டர், உறையூர் மரக்கடை மருதை போயிட்டாரு. நாலு மணிக்கு எடுக்குறாங்க. இன்னொரு டிரம்பெட் மணப்பாறைக்கு மாடு பாக்கப் போயிருக்கான்."

"நான் வர முடியாதுப்பா. நெஞ்சுல பெட்டி கட்டியிருக்கு."

"உங்களுக்குப் பெட்டிதானே. அவருக்குப் பாடையே கட்டியாச்சு." பிச்சமுத்து கட்டிலில் உட்கார்ந்தான். "டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"வழக்கமா செய்யிறதைச் செய்யச் சொன்னாரு."

"வழக்கமா என்ன செய்வீங்க?"

அற்புதசாமி யோசித்துப் பார்த்தார். படித்த டாக்டரின் பேச்சை மீறுவது சரியாகப் படவில்லை. எழுந்து கோட்டை எடுத்தார்.

அந்தக் கோட்டு 1968-இல் தைத்தது. பித்தளைப் பொத்தான்கள், தோளில் மஞ்சள் குஞ்சம், தாடை வரைக்கும் ஏறி இரண்டு கொக்கிகளால் பூட்டிக்கொள்ளும் காலர். வயிற்றுப் பக்கத்தை அக்னஸ் மூன்று தடவை பிரித்து விட்டிருந்தாள். காலரில் பிரித்துவிடத் துணி இல்லை. அன்றைக்கு உள்ளே பெட்டியும் இருந்ததால் பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் ஒரு வயர் எட்டிப் பார்த்தது.

மருதை எண்பத்திரண்டு வயதில் போனவர். அவருக்கு இரண்டு மகன்கள். வீடு யாருக்கு என்று மூன்று வருஷமாக அவர்களுக்குள் வழக்கு. சாவு வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு தூணாகப் பிரித்துக்கொண்டு நின்றார்கள். பேண்டு மாஸ்டர் கோட்டிலிருந்து வயர் தொங்குவதை முதலில் பார்த்தது பெரியவன்.

"மாஸ்டர், உள்ள என்ன?"

"கேசட் ஓடுதுங்க" என்றார் அற்புதசாமி. மேலும் விளக்குவதற்குள் யாரோ சங்கு ஊதினார்கள்.

அவ்வளவுதான். சின்னவன் வக்கீல் சொல்லிக் கொடுத்து டேப் வைத்திருக்கிறான் என்று பெரியவன் முடிவு செய்துகொண்டான். பெரியவன் முகம் மாறுவதைப் பார்த்த சின்னவன், இது அண்ணன் ஏற்பாடு என்று முடிவு செய்தான். பத்து நிமிஷத்தில் அந்த வீட்டுப் பேச்சே மாறிப்போயிற்று. காலையிலிருந்து ஒருத்தனை ஒருத்தன் நாயே என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள், "தம்பி, நீ சாப்பிட்டியாப்பா?" என்றும், "நீங்க இருக்கும்போது எனக்கு என்னண்ணே குறை" என்றும் சத்தமாக விசாரித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவன் அற்புதசாமிக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு, அவருடைய மூன்றாவது பொத்தானுக்கு நேராகக் குனிந்து நிதானமாகச் சொன்னான்:

"போன பொங்கல் அன்னிக்கு அப்பா என்னைக் கூப்பிட்டு, வீடு உனக்குத்தான்டான்னு சொன்னாரு. சாட்சி இருக்கு."

அவன் நகர்ந்ததும் சின்னவன் வந்து அதே பொத்தானிடம் மறுத்தான். அவர்களுடைய அத்தை ஒருத்தி, தனக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். அற்புதசாமியின் இருதயம் ஒரு குடும்பத்தின் வாக்குமூலத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டது.

நாலு மணிக்கு மேல் பாடையைத் தூக்கினார்கள். பிச்சமுத்து டிரம்மில் இரண்டு அடி அடித்தான். அற்புதசாமி காலர் கொக்கிகளை இறுக்கிப் போட்டுக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டத் தலையைத் திருப்பி, ஊதினார். தெரு ஓரங்களிலிருந்து சாம்பல் நிறமாகச் சுருங்கி வந்தது. சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் ஆயிற்று. கால் மடங்கும்போது பிச்சமுத்து இடது கையால் அவர் பெல்ட்டைப் பிடித்து, அப்படியே ஒரு சுவரில் சாய்த்து வைத்தான். வலது கை டிரம்மை விடவில்லை. யாருக்கும் தெரியாமல் போயிற்று. நாலு வீடு தள்ளி அவர் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். பொத்தானை அமுக்க வேண்டும் என்ற ஞாபகமே அவருக்கு வரவில்லை.

அக்னஸ் வருவதற்குள் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நோட்டை எடுத்தார். லீவு முடிகிற அன்று வீட்டுப்பாடம் எழுதுகிற பையனைப்போல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினார். 'மதியம் 2 முதல் 5 வரை படுத்து ஓய்வு.' எழுதிவிட்டுப் பார்த்தால் ரொம்ப மொட்டையாக இருந்தது. '4 மணிக்கு ஜெபமாலை' என்று சேர்த்தார். மறுநாள் காலையில் மட்டும் உண்மையாக '6.50 ஷேவ்' என்று எழுதினார்.

அந்தக் கேசட்டைப் படித்துச் சொல்கிற மெஷின் திருச்சியில் இல்லை. சாரா பீவி அதை மெட்ராஸுக்கு அனுப்பினாள். எட்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அற்புதசாமியும் அக்னஸும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

சடகோபன் ஒரு நீளக் காகிதத்தை விரித்தார். வேலிபோல ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடுகளுக்கு நடுவில் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் நேர்கோடு.

"புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். இருதயம் நாலரை விநாடி நின்னிருக்கு."

அக்னஸின் கை கைப்பையின் மேல் அப்படியே நின்றது.

"அந்த நேரத்துல என்ன பண்ணிண்டிருந்தார்னு பாத்தேன்." டாக்டர் நோட்டைத் திறந்தார். "ஜெபமாலைன்னு போட்டிருக்கு." கண்ணாடியைக் கழற்றிவிட்டு அற்புதசாமியைப் பார்த்தார். "நானும் நாப்பது வருஷமாப் பெருமாளைச் சேவிக்கறேன். ஒரு தடவைகூட எனக்கு நின்னதில்லே. உங்க ஜெபத்துல அப்படி என்ன இருக்குன்னு சொன்னேள்னா நானும் தெரிஞ்சுப்பேன்."

அற்புதசாமி அந்தோணியாரைத் தடவினார்.

"டாக்டர், இவரு ஜெபமாலை எடுத்தா முதல் மணியிலயே தூங்கிடுவாரு" என்றாள் அக்னஸ். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "நாலு பன்னிரண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"உறையூர்ல."

"உறையூர்ல என்ன?"

"மரக்கடை மருதை."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மருதை செத்துப்போனது அவளுக்கும் தெரியும். ஆனால் டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். என்ன உடுப்பு, காலர் எவ்வளவு இறுக்கம், தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று வரிசையாகக் கேட்டார். காலை ஷேவ் நேரத்திலும் மூன்று விநாடி நின்றிருந்தது. "தாடையைத் தூக்கிண்டு, தோலை இழுத்து வழிப்பேளா? சர்ச்சுல விழுந்தப்போ கழுத்தைத் திருப்பினேளா?" எல்லாவற்றுக்கும் ஆமாம்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்து ஈசிஜி மெஷினைப் போடச் சொன்னார். சாரா பீவி வயர்களை மாட்டினாள். டாக்டர் இரண்டு விரல்களை அற்புதசாமியின் தாடைக்குக் கீழே, கழுத்தில் நாடி அடிக்கும் இடத்தில் வைத்து அழுத்தினார். காகிதத்தில் துள்ளிக்கொண்டிருந்த ஊசி நின்றது. காகிதம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அற்புதசாமியின் கண்கள் மேலே ஏறின.

"கையை எடுங்க டாக்டர்" என்றாள் அக்னஸ். சொன்னதோடு நிற்கவில்லை. டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஊசி மறுபடி துள்ளியது. சடகோபன் கோபப்படவில்லை. தொலைந்த சாவி கிடைத்தவரைப்போல முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "கண்டுபிடிச்சாச்சு டீச்சர். கழுத்துல ரத்தக் குழாய்க்குள்ள அழுத்தத்தைப் பாத்துச் சொல்றதுக்கு ஓர் இடம் இருக்கு. ரயில்வே கேட் கீப்பர் மாதிரின்னு வச்சுக்கோங்கோ. இவருக்கு வாய்ச்சவன் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. சைக்கிள் மணி கேட்டாக்கூட ரயில் வர்றதுன்னு கேட்டை இழுத்து மூடிடறான். காலர் அழுத்தினா மூடறான், கழுத்தை முறுக்கினா மூடறான்."

"ஆபரேஷனால வந்ததில்லையே?" என்று கேட்டார் அற்புதசாமி, படுத்தபடியே.

"எந்த ஆபரேஷன்?"

"ஒண்ணுமில்லை" என்றாள் அக்னஸ்.

காலரைத் திறந்துவிட வேண்டும், கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்ப வேண்டும், மூன்று மாதம் டிரம்பெட் கூடாது. அப்படியும் நின்றால் நெஞ்சுக்குள் பேட்டரி வைக்க மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் ஏறித் திரும்பினார்கள். சிந்தாமணி தாண்டியதும் அக்னஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாலு பன்னிரண்டுக்கு நான் ஏழாம் கிளாஸ்ல பின்னம் நடத்திக்கிட்டிருந்தேன். நீங்க நாலரை விநாடி இல்லை. எனக்கு ஒண்ணுமே தெரியலை."

 திட்டியிருந்தால் அற்புதசாமி சரி என்று சொல்லியிருப்பார். கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் காலரை வெட்டியது. அந்த வாரமே மற்ற எட்டு பேரும் தங்கள் காலரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பிச்சமுத்து, வாசிப்பை விட்டுவிட வேண்டாம், அதுவரைக்கும் ஜால்ராவாவது போடலாமே என்று யோசனை சொன்னான். "இந்த வயசுக்கு மேல நான் யாருக்கும் ஜால்ரா போடுறதா இல்லை" என்றார் அற்புதசாமி.

சும்மா இருந்த அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் டாக்டர் அவரைக் கிளினிக்குக்கு வரச் சொன்னார். பெட்டி கட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் நோட்டில் பொய் எழுதுகிறார்கள் என்பது அப்போதுதான் டாக்டருக்குப் புரிந்திருந்தது. பொய் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல ஒரு நிபுணர் வேண்டியிருந்தார். அற்புதசாமி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்வார். சொல்லச் சொல்ல நாலரை விநாடி ஏழாயிற்று, பத்தாயிற்று. சாரா பீவி திருத்துவாள். நோட்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கலாம், வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற ஏற்பாடும் அற்புதசாமி சொல்லித்தான் வந்தது. அதற்குப் பிறகு நோட்டுகள் கொஞ்சம் சுவாரஸ்யமாகின. உத்தர வீதிப் பெரியவர் ஒருவர் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் என்று எழுதி, அதை அடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் என்று எழுதியிருந்தார். ஐந்தே காலுக்கு இருதயம் தறிகெட்டு ஓடியிருந்தது.

"ஆம்லெட்டாலயா?" என்று சாரா பீவி கேட்டாள்.

"இல்லேம்மா. எங்க சம்பந்தி உள்ள வந்துட்டார்."

"அவர் பாத்துட்டாரா?"

"பாத்தார். எனக்கு எதிர்ல உக்காந்து ரெண்டு ஆர்டர் பண்ணினார்."

செப்டம்பர் கடைசியில் அற்புதசாமிக்கு இரண்டாவது தடவை பெட்டி கட்டினார்கள். இந்தத் தடவை நோட்டை அக்னஸ் தானே வைத்துக்கொண்டாள். லீவு போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே நடந்து எழுதினாள். '6.10 காபி. 6.14 இன்னொரு காபி கேட்டார். கொடுக்கவில்லை. 9.20 லாரி ஆபீஸில் முதலாளியைப் பற்றித் தவறாகப் பேசினார், மெதுவாக. 3.05 டிரம்பெட்டைத் துடைக்கிறேன் என்று எடுத்தார். 3.06 ஊதினார். பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை.' ரிப்போர்ட்டில் ஒரு வெற்றிடமும் இல்லை. டாக்டர் அந்த நோட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, திருப்பித் தர மனமில்லாமல் தானே வைத்துக்கொண்டார்.

முதல் கச்சேரி முசிறியில், ஐப்பசி முகூர்த்தத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. வேனில் எல்லாரும் ஏறியபோது அக்னஸும் ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாசிப்பதை அவள் வீட்டு மொட்டைமாடியில் சாதகம் செய்யும்போது கேட்டதுதான். ஊர்வலத்துக்கு வந்ததே இல்லை. அன்றைக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓரமாக, அவர் கழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தாள். திறந்த காலருக்கு மேலே அற்புதசாமியின் கழுத்து இரண்டு பாட்டுக்கு உப்பியது, தணிந்தது, உப்பியது. திரும்ப வேண்டிய இடத்தில் கோயில் தேர்போல மொத்த உடம்போடு திரும்பினார். மாப்பிள்ளையின் சினேகிதர்கள் நாலு பேர் ஆடினார்கள். யாரும் விழவில்லை. ஆடினவர்களில் ஒருவன் மட்டும் விழுந்தான், அதற்குக் காரணம் வேறே.

மண்டபத்து வாசலில் கலர் சோடா கொடுத்தார்கள். அற்புதசாமி ஒரு பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"எப்படி இருந்தது?"

"நீங்க விழலை."

"அது சரி. வாசிப்பு எப்படி?"

அக்னஸ் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள்.

"பிச்சமுத்து நல்லா அடிக்கிறார்" என்றாள்.